நட்டதெல்லாம் காடாகுமா?

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்திய உரையின் விரிவான எழுத்து வடிவம்)



அசோகர் சாலையின் இருபுறமும் மரம் நட்ட கதையைத் தமிழ்ப்பள்ளியில் படிக்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. மரம் நடுவதைப் பற்றி யார் பேச வந்தாலும் அசோகரிடமிருந்துதான் தொடங்குவார்கள். சிரம்பானில் நடந்த நம் அரங்கத்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அரசாங்க ஆதரவோடு காடு வளர்ப்பது, வெட்டிய காட்டை மீண்டும் உருவாக்குவது என்பதே அன்றைய தலைப்பு.

பேசி முடித்ததும், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வேலை ஓய்வு பெற்றவர். ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டது இதுதான்:

"தம்பி, அசோகரை விடுங்க. எங்கப்பா மரம் நட்டாரு. நான் நட்டேன். என் பிள்ளைங்களும் நட்டாங்க. பால்மரத்தை நட்டு, சாய்ச்சு, மறுபடியும் நட்டோம். அப்புறம் அதே மண்ணுல செம்பனை நட்டோம். அதை யாரும் காடுன்னு சொல்லல. இப்ப அரசாங்கம் காசு கொடுத்து நடச் சொல்ற மரம் மட்டும் எப்படித் தம்பி காடாகுது?"

அரங்கமே கைதட்டியது. நேரடி நிகழ்ச்சியில் எனக்குக் கிடைத்ததோ இரண்டு நிமிடம். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பும்போது, அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை என்று மனம் உறுத்தியது. நான் படித்தது மக்கள் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா. வனவியல் அல்ல. ஆனாலும் தேடிப் படித்தபோது, அந்தப் பெரியவரின் கேள்விதான் உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்வி என்பது தெரிந்தது. அந்தப் பதிலை இன்று முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

மரம் நடுவது நமக்குப் புதிதல்ல

தனியார் நிலத்தில் மரம் நட அரசாங்கம் உதவுவது இந்த நாட்டில் நேற்று முளைத்த திட்டம் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் மலாயாவின் பால்மரங்களில் பெரும்பகுதி கிழடு தட்டியிருந்தது. செயற்கை ரப்பரும் போட்டிக்கு வந்துவிட்டது. அதிகப் பால் தரும் புதிய இனங்களை நட்டால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை. ஆனால் நின்ற மரத்தைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைத்தால், பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வருமானத்திற்கு எங்கே போவது?

1952-இல் ரப்பர் மறுநடவு நிதி உருவானது இதற்காகத்தான். ஏற்றுமதியாகும் ரப்பருக்கு வரி பிடித்து, அந்தப் பணத்தையே மறுநடவு செய்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சிறுதோட்டக்காரர்களுக்கு உதவ 1973-இல் ரிஸ்டா அமைந்தது. தோட்டங்களில் குழி வெட்டியவர்களும், நர்சரியில் ஒட்டுக்கட்டியவர்களும், கன்றுக்குப் புல் வெட்டியவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள். அரசாங்க ஆதரவுடன் மரம் வளர்ப்பதில் நமக்கு இரண்டு மூன்று தலைமுறை அனுபவம் உண்டு என்று மார்தட்டிச் சொல்லலாம்.

அந்தப் பால்மரத்துக்கு என்ன கதி நேர்ந்தது என்பதும் சுவையான கதை. 1970-களின் பிற்பகுதி வரை, சாய்த்த பால்மரம் என்றால் அடுப்புக்கும் சூளைக்கும் போகும் விறகுதான். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். மருந்தேற்றிச் சூட்டில் உலர்த்தும் முறை கைகூடிய பிறகு, அதே விறகு நாற்காலியும் மேசையுமாக மாறி உலகச் சந்தைக்குப் போனது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தில் செய்தவையே. நம் பாட்டிமார் அடுப்பெரித்த கட்டைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

அரசாங்கம் ஏன் பணம் போட வேண்டும்?

காடு வளர்ப்பு நல்ல தொழில் என்றால் முதலாளிகளே செய்ய மாட்டார்களா என்று கேட்கலாம். விடை, காத்திருக்கும் காலத்தில் இருக்கிறது.

செம்பனையை எடுத்துக்கொள்வோம். நட்ட இரண்டரை, மூன்று ஆண்டுகளில் குலை தள்ளிவிடும். பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மாதம் இரண்டு மூன்று முறை அறுவடை. மரக்கட்டைக்காக வளர்க்கும் மரமோ, பத்துப் பதினைந்து ஆண்டுகள், தேக்கு போன்றவை அதற்கும் மேல், ஒரு காசு தராது. நடுவில் தீ, நோய், யானை, திருட்டு. வங்கிக்கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். எந்த முதலாளி இதில் இறங்குவான்?

அதனால்தான் அரசாங்கம் இரண்டு விதத்தில் கைகொடுக்கிறது. குறைந்த வட்டியில், மரம் வெட்டும் காலத்தில் திருப்பிக் கட்டும்படி கடன் கொடுப்பது ஒன்று. காடு தரும் தண்ணீருக்கும் நிழலுக்கும் மண் பாதுகாப்புக்கும் சந்தையில் விலை இல்லை என்பதால், அந்த விலையைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது மற்றொன்று. முதலாவது மரக்கட்டைக்கான உதவி. இரண்டாவது காட்டுக்கான உதவி. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

அத்திப்பழம் தந்த பாடம்

தீபகற்ப மலேசியாவில் இயற்கைக் காட்டிலிருந்து கிடைக்கும் மரம் வருங்காலத்தில் போதாது என்ற கவலையால், 1982-இல் ஈடுசெய்யும் காட்டுத்தோட்டத் திட்டம் தொடங்கியது. ஆசிய மேம்பாட்டு வங்கி கடன் கொடுத்தது. நெகிரி செம்பிலான் உட்படச் சில மாநிலங்களில் கன்றுகள் நடப்பட்டன. தேர்ந்தெடுத்த மரம் அக்காசியா மாங்கியம். நம் வேலமர இனத்தோடு உறவுள்ளது. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து, பாப்புவா நியூகினி பக்கத்து மரம். 1966-இல் தீத்தடுப்பு வரிசைக்காகச் சபாவுக்கு வந்தது. வளமில்லாத மண்ணிலும் கிடுகிடுவென்று வளரும்.

வளர்ந்ததும் வளர்ந்தது. வெளியே பார்த்தால் நெடுநெடுவென்ற தண்டு. அறுத்துப் பார்த்தால் உள்ளே மையத்தில் அழுகல்! பட்டுப்போன கிளைகளின் காயம் வழியாகப் பூஞ்சை உள்ளே புகுந்திருந்தது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த கதைதான். பலகைக்கு உதவாது என்று தெரிந்ததும் 1992-இல் புதிதாக நடுவது நிறுத்தப்பட்டது.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரே மரத்தை நம்பி ஆயிரமாயிரம் ஏக்கரில் இறங்கினால், அந்த ஒரு மரத்தின் நோய் முழுத் திட்டத்தின் நோயாகிவிடும். தமிழ்நாட்டில் சீமைக் கருவேலத்தை விறகுக்காகப் பரப்பினார்கள். அது கண்மாய்களையும் ஆற்றுப் படுகைகளையும் பிடித்துக்கொண்டது. பின்னாளில் அதை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. நடுவது எளிது. எதை, எங்கே நடுகிறோம் என்பதுதான் கடினம்.

எட்டு மரங்களும் ஒரு கடனும்

அடுத்த முயற்சி 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வந்தது. மலேசிய மரத் தொழில் வாரியத்தின் கீழ் அமைந்த நிறுவனம் வழியாக, காட்டுத்தோட்ட மேம்பாட்டுத் திட்டத்திற்குச் சலுகைக் கடன் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 25,000 ஹெக்டர் வீதம், 15 ஆண்டுகளில் 375,000 ஹெக்டர் என்பது இலக்கு.

எட்டு மர இனங்கள் குறிக்கப்பட்டன: ரப்பர், அக்காசியா, தேக்கு, செந்தாங், காயா, கெலம்பாயான், பாத்தாய், பினுவாங். இதில் செந்தாங் நம் வேம்புக்குச் சொந்தக்கார மரம். கெலம்பாயான் வேறெதுவும் அல்ல, நாம் கடம்பு என்று வணங்கும் மரங்களில் ஒன்று. முருகனுக்கு உகந்த கடம்பு இந்நாட்டுக் காடுகளில் தானாகவே வளர்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டியலில் முதலிடத்தில் யார் என்று பார்த்தீர்களா? ரப்பர்! பாலும் கட்டையும் சேர்த்துத் தரும் புதிய இனம். ஆக, நம் பெரியவர் வாழ்நாள் முழுவதும் நட்ட அதே பால்மரம், கடன் திட்டத்தில் காட்டுத்தோட்டம் என்ற பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் காட்டுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அரை ஹெக்டருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல். அந்தக் கணக்கில் ரப்பர்த் தோட்டம் காட்டில் சேரும். செம்பனைத் தோட்டம் விவசாய நிலம் என்பதால் சேராது. பெரியவரே, ஏட்டுக்கணக்குப்படி பார்த்தால் நீங்கள் பாதி வாழ்க்கை காட்டிலும் மீதி வாழ்க்கை வயலிலும் வேலை செய்திருக்கிறீர்கள்!

காட்டை வெட்டிக் காடு வளர்ப்பதா?

சிரிப்பதற்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. ஏட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், ஒன்றை அழித்து மற்றொன்றை வைத்தாலும் கணக்கு குறையாது. நடந்ததும் அதுதான். காட்டுத்தோட்டம் வெறும் தரிசிலும் கைவிட்ட நிலத்திலும் மட்டும் வரவில்லை. சாலையோரப் பலகையில் 'ஹுத்தான் சிம்பான்' என்று பார்க்கிறோமே, அந்த நிரந்தரக் காப்புக்காடுகளுக்குள்ளேயும் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை மரம் எடுக்கப்பட்ட காடு, நலிந்த காடு என்ற பெயரில், மிச்சமிருந்ததையும் மொட்டையாக வெட்டி, வரிசையாகக் கன்று வைத்தார்கள். முதலில் கிடைக்கும் கட்டைக்கு உடனடி விலை. கன்றின் பலனோ பதினைந்து ஆண்டுக்குப் பிறகு. இதில் எது ஆசை, எது சாக்கு என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பு வலுத்தது. 2021 டிசம்பரில், தீபகற்ப மலேசியாவின் நிரந்தரக் காப்புக்காடுகளில் புதிய காட்டுத்தோட்டங்களுக்கு 15 ஆண்டுக் காலம் அனுமதி நிறுத்திவைக்கப்படும் என்று தேசிய நில மன்றத்தின் முடிவு அறிவிக்கப்பட்டது. அதே மாதம்தான் பெருவெள்ளம் பகாங், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களைப் புரட்டிப் போட்டது. பெந்தோங்கில் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் நடுவே மரக்கட்டைகள் குவிந்து கிடந்த படங்களை நாம் மறக்கவில்லை.

பாசோவுக்கு ஒரு முறை போய்வாருங்கள்

தோட்டத்துக்கும் காட்டுக்கும் வேறுபாடு என்ன என்பதைக் காட்டும் இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்தாங் அருகே உள்ள பாசோ காப்புக்காடு. 1980-களின் நடுப்பகுதியில் அங்கே 50 ஹெக்டரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டார்கள். கிடைத்த கணக்கு: சுமார் 335,000 மரங்கள், 814 இனங்கள்.

அதே 50 ஹெக்டரில் செம்பனை நட்டால் ஏறத்தாழ 7,000 மரங்கள். இனம் ஒன்றே ஒன்று. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

பாசோவைச் சுற்றி மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். இதனால் என்ன ஆனது தெரியுமா? ஆண்டு முழுவதும் உதிரும் செம்பனைப் பழத்தைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகின. குட்டி போடும் காலத்தில் அவை காட்டுக்குள் புகுந்து, ஆயிரக்கணக்கான இளங்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டுகின்றன. 1990-களின் பிற்பகுதியில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. வேலி போட்டுக் காத்த காட்டுக்கும் பக்கத்து நிலத்தால் ஆபத்து வருகிறது. எனவே பொது நிலத்தில் மட்டும் காட்டைக் காத்தால் போதாது. தனியார் நிலத்திலும் ஆற்றோரம், குன்றுச் சரிவு, காட்டோர எல்லை ஆகிய இடங்களில் இயற்கை மரங்களை விட்டுவைக்க வேண்டும்.

சிரம்பானுக்கு அருகில் உள்ள பெரெம்பூன் காட்டில் இன்னொரு சோதனை நடந்தது. 1980-களில் மூன்று சிறு நீரோடைப் பகுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றைத் தொடவில்லை. ஒன்றில் வழக்கம்போல் மரம் எடுத்தார்கள். மூன்றாவதில் கட்டுப்பாட்டோடு, ஓடைக்கரை மரங்களை விட்டுவைத்து எடுத்தார்கள். வழக்கமான வெட்டில் ஓடை கலங்கி மண் அதிகம் அடித்துச் சென்றது. கரையோர மரம் நின்ற இடத்தில் அந்தச் சேதம் வெகுவாகக் குறைந்தது. நாம் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர், மலைமேல் யாரோ விட்டுவைத்த மரத்தின் தயவு என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் நட்ட மரம் காடாகவே ஆகாதா?

ஆகும். அதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கெப்போங். 1920-களில் அந்த இடம் ஈயச் சுரங்கம் தோண்டிச் சீரழிந்த மண்ணும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. அங்கே வன ஆராய்ச்சி நிலையம் அமைத்து, இந்நாட்டு மரங்களைப் பல இனமாகக் கலந்து நட்டார்கள். நட்டுவிட்டுப் போய்விடவில்லை. பாதுகாத்தார்கள், காத்திருந்தார்கள். சுமார் நூறு ஆண்டுகளில் அது உண்மையான மழைக்காடாக எழுந்து நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மனிதன் கெடுத்த நிலத்தை மனிதனே காடாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தென் கொரியாவும் போரால் மொட்டையான மலைகளை 1973-இல் தொடங்கிய திட்டத்தால் பசுமையாக்கியது. பத்தாண்டு இலக்கை ஆறே ஆண்டுகளில் எட்டியது. கோஸ்தா ரிக்கா 1997 முதல், காட்டை வெட்டாமல் காக்கும் தனியார் நில உரிமையாளருக்கு எரிபொருள் வரிப் பணத்திலிருந்து தொகை கொடுக்கிறது. தமிழ்நாடு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்க முனைந்திருக்கிறது.

பூட்டு ஓரிடம், சாவி ஓரிடம்

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது பாதியைக் காடும் மரமும் மூடியிருக்கும் என்று 1992-இல் ரியோ மாநாட்டில் வாக்குக் கொடுத்ததோ கூட்டரசு. காட்டை விட்டுவைத்தால் மாநிலத்திற்கு வருமானம் இல்லை. வெட்டினால் உண்டு.

இதைச் சரிசெய்ய 2019-இல் கூட்டரசு ஒரு வழி கண்டது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குச் சூழலியல் நிதிப் பகிர்வு. முதலில் 6 கோடி வெள்ளி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 25 கோடி வெள்ளி. 2022-இல் தேசிய வனச் சட்டத் திருத்தமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. காப்புக்காட்டின் ஒரு பகுதியை நீக்க வேண்டுமானால் முன்னதாகப் பொது விசாரணை நடத்த வேண்டும், ஈடாக வேறு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த விசாரணை அறிவிப்பு நாளிதழில் வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. திருமண விளம்பரத்தைப் படிக்கும் அக்கறையில் பாதியாவது அதற்கும் காட்ட வேண்டாமா?

2021-இல் பத்துக் கோடி மரம் நடும் இயக்கமும் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நட்ட அன்று எடுக்கும் படத்தைவிட, ஐந்தாம் ஆண்டு எடுக்கும் படமே முக்கியம். குழந்தை பெறுவதும் வளர்ப்பதும் ஒன்றல்லவே!

பெரியவருக்கு என் பதில்

ஐயா, நீங்கள் நட்டது காடல்ல. ஆனால் இப்போது காட்டுத்தோட்டம் என்ற பெயரில் நடப்படுவதும் பல இடங்களில் காடல்ல. இரண்டும் பயிர். பயிர் வைப்பது தவறில்லை. கைவிட்ட நிலத்தில் மரப்பயிர் வைத்தால், இயற்கைக் காட்டின் மேல் விழும் கோடரி குறையும். அதற்கு அரசாங்கம் கடன் கொடுப்பது நியாயமே. இருக்கும் காட்டை வெட்டி அந்தப் பயிரை வைத்துவிட்டு, அதைக் காடு என்று சொல்வதுதான் நியாயமில்லை.

இன்னொன்றும் உண்டு. மூன்று தலைமுறை மரம் நட்ட நம்மவர்களுக்கு அந்த மரம் நின்ற மண் சொந்தமாகவில்லை. தோட்டத் துண்டாடலின்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டம் வாங்கியது அந்த வேதனையைக் கண்டுதான். சலுகைக் கடன் என்பது நிலம் உள்ளவனுக்குத்தான் பயன்படும். நிலம் இல்லாதவனுக்கு அதில் கிடைப்பது கூலி வேலை மட்டுமே. காட்டை மீட்கும் திட்டங்களில் பொதுப் பணம் செலவாகும்போது, நாற்று வளர்ப்பதிலும் பராமரிப்பதிலும் உள்ள நம் அனுபவத்துக்கு மதிப்பும் முறையான ஊதியமும் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

நான் பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடத்தில் கடை வரிசை. கோயில் மட்டும் மிச்சம். அதன் பின்னால் ஓடும் சிற்றோடைக் கரையில் நான்கைந்து மரங்கள் நிற்கின்றன. யார் நட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"நடுறது பெரிய வேலையில்ல தம்பி. வெட்டாம விடுறதுதான் பெரிய வேலை" என்றார்.

நான் இரண்டாயிரம் சொல்லில் சொல்ல முயன்றதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். உங்கள் வட்டாரக் காட்டைப் பற்றியும், உங்கள் தோட்டத்தில் மிச்சம் நிற்கும் மரங்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுங்கள். மீண்டும் அடுத்த அரங்கில் சந்திப்போம்.